சோடா உப்பு போட்டாங்க, டயாலிசிஸ் ஏன் போடல?

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு 24 வயசு. மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி, மனச்சோர்வுக்கு எழுதிக் குடுத்த அமிட்ரிப்டிலின் மாத்திரையையும் தூக்கத்துக்குக் குடுத்த குளோனசெபாமையும் சேத்து நிறைய முழுங்கிட்டான். ஐசியூல 5 நாள், அதுல 3 நாள் வென்டிலேட்டர். பொழச்சு வீட்டுக்கு வந்துட்டான். ஆனா ஒண்ணு மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. முதல் நாளே கெஞ்சினேன், டயாலிசிஸ் போட்டு ரத்தத்த சுத்தம் பண்ணுங்கன்னு. இந்த மருந்துக்கு அது வேலைக்கு ஆகாதுன்னு ஒரே வரில சொல்லிட்டுப் போயிட்டாங்க, என்னதான் பண்றீங்கன்னு கேட்டா சோடா உப்பு ஊசி போய்க்கிட்டு இருக்குன்னாங்க. பக்கத்து பெட்ல லித்தியம் மாத்திரை அதிகமாகி வந்தவங்களுக்கு மட்டும் அன்னிக்கே டயாலிசிஸ் நடந்துச்சு. தூக்க மாத்திரைக்கு மாத்து மருந்து இருக்காமே, அதையும் குடுக்கல. இப்ப தெரிஞ்சவர் ஒருத்தர், மிச்ச விஷம் ரத்தத்துல தங்கியிருக்கும், ரத்த சுத்திகரிப்பு பண்ணிக்கங்கன்னு சொல்றார். பண்ணலாமா? அவன்கிட்ட அந்த ராத்திரியப் பத்திப் பேசலாமா? அப்புறம் டிரிப் ஏத்துன கையில நரம்பு கயிறு மாதிரி கெட்டியா இருக்கு, வலிக்குதுங்கிறான்.

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் மா. உங்க தம்பிக்கு டயாலிசிஸ் போடாதது சரியான முடிவுதான். அத ஒரே வரில சொல்லிட்டுப் போனது மட்டும் தப்பு. நானும் அந்தத் தப்பப் பண்ணியிருக்கேன், ராத்திரி ரெண்டு மணிக்கு ஐசியூ கதவுல நின்னுக்கிட்டு ஒரு அப்பாகிட்ட "அதெல்லாம் இதுக்கு ஆகாதுங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போனேன், அவரு விடிய விடிய அந்த பெஞ்சுலயே உக்காந்து யார் யாருக்கோ போன் பண்ணி டயாலிசிஸ் பண்ற வேற ஆஸ்பத்திரி இருக்கான்னு விசாரிச்சுக்கிட்டு இருந்திருக்கார்னு காலைல நர்ஸ் சொல்லித்தான் தெரிஞ்சுது. அஞ்சு நிமிஷம் உக்காந்து பேசியிருந்தா அந்த மனுஷனுக்கு அந்த ராத்திரி மிச்சம். அதனால உங்களுக்கு அந்த அஞ்சு நிமிஷத்த இங்க குடுக்கறேன், கொஞ்சம் நீளமாவே இருக்கும்.

டயாலிசிஸ் மெஷின் என்ன பண்ணுதுன்னு பாருங்க. கழுத்துலயோ தொடை இடுக்குலயோ ஒரு தடிமனான குழாய் போடுவோம், அதுக்குள்ள ரெண்டு வழி, ஒண்ணுல ரத்தம் வெளிய வரும், இன்னொண்ணுல திரும்பப் போகும். வெளிய வர்ற ரத்தம் ஒரு பிளாஸ்டிக் உருளைக்குள்ள போகுது, அதுக்குள்ள முடி மாதிரி மெல்லிசா பத்தாயிரம் குழாய் கிட்ட இருக்கும், குழாய்க்குள்ள ரத்தம், குழாய்க்கு வெளிய எதிர்த்திசைல ஒரு திரவம் ஓடும். குழாயோட சுவர்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை, அது வழியா சின்ன மூலக்கூறு மட்டும் அந்தப் பக்கம் தாண்டிப் போயிடும். அவ்வளவுதான் மா அந்த மெஷினோட வித்தை. அது உடம்பக் கழுவுற மெஷின் இல்ல. அந்த நேரத்துல ரத்தத்துல சும்மா மிதந்துக்கிட்டு இருக்கிற சின்னச் சின்ன சாமானத்த வடிகட்டுற மெஷின்.

அப்ப கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான். தம்பி முழுங்குன மருந்து அந்த நேரத்துல எங்க இருந்துச்சு?

அமிட்ரிப்டிலின் கொழுப்புல கரையுற மருந்து. குடல்ல இருந்து ரத்தத்துக்கு வந்த கொஞ்ச நேரத்துலயே மூளை, இதயம், ஈரல், கொழுப்புன்னு போய் ஒட்டிக்கும். ரத்தத்துல மிஞ்சுறதும் சும்மா இருக்காது, 90 சதவீதத்துக்கு மேல புரதத்தோட ஒட்டிக்கிட்டுதான் இருக்கும், புரதம் அந்த ஓட்டை வழியா போகவே போகாது. ஒரு மருந்து உடம்புல எவ்வளவு தூரம் பரவி ஒளிஞ்சுக்குதுங்கிறத அளக்க எங்ககிட்ட ஒரு கணக்கு இருக்கு, பரவல் கொள்ளளவுன்னு பேரு. அமிட்ரிப்டிலினுக்கு அது ஒரு கிலோ எடைக்கு 15 லிட்டர் வாக்குல. தம்பி 60 கிலோன்னு வெச்சுக்கிட்டா 900 லிட்டர். அறுபது கிலோ ஆள் உடம்புல 900 லிட்டர் எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பீங்க, அது நிஜ லிட்டர் இல்ல, ரத்தத்துல இருக்கிற அளவ வெச்சுப் பாத்தா மருந்து அவ்வளவு பெரிய தொட்டில கரைஞ்ச மாதிரி தெரியுதுன்னு அர்த்தம். அவன் உடம்புல ரத்தத்தோட நீர்ப்பகுதி, பிளாஸ்மான்னு சொல்றது, ஒரு 3 லிட்டர்தான் இருக்கும். 900ல 3. அதாவது உடம்புல இருக்கிற மருந்துல 300ல ஒரு பங்குதான் மெஷினுக்குக் கைக்கு எட்டுற இடத்துல இருக்கு, அந்த ஒரு பங்குலயும் பத்துல ஒன்பதுக்கு மேல புரதத்தோட கட்டிப்போட்டுக் கிடக்கு.

மழையில நனைஞ்ச மெத்தை ஒண்ண வீட்டுக்குள்ள கொண்டு வந்து போட்டிருக்கீங்க, சுத்தித் தரையில கொஞ்சம் தண்ணி கசிஞ்சு நிக்குது. தரையத் தொடச்சுக்கிட்டே இருந்தா மெத்தை காயுமா? நாலு மணி நேரம் தொடச்சாலும் தரை பளபளன்னு இருக்கும், மெத்தை அப்படியேதான் இருக்கும், துணிய எடுத்தா மறுபடி கசியும். அமிட்ரிப்டிலின் அந்த மெத்தைல இருக்கு.

லித்தியம் அப்படியே நேர்மாறு. அது ஒரு தனிமம், அணு எடை 7தான், நம்ம உப்புல இருக்கிற சோடியத்த விடச் சின்னது. புரதத்தோட ஒட்டவே ஒட்டாது. பரவல் கொள்ளளவு கிலோவுக்கு ஒரு லிட்டருக்கும் கீழ, உடம்புத் தண்ணி எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஈரல் அத ஒண்ணும் பண்ண முடியாது, வெளிய போக இருக்கிற ஒரே வழி கிட்னி, அந்தக் கிட்னியும் படுத்துருச்சுன்னா லித்தியத்துக்குப் போக்கிடமே இல்ல. அதனாலதான் பக்கத்து பெட்ல அன்னிக்கே மெஷின் வந்துச்சு. அவங்க மேல அக்கறை, உங்க மேல அலட்சியம்னு இல்ல மா, ரெண்டு மருந்தும் ரெண்டு விதமான ஜாதகம்.

லித்தியத்துலயே ஒரு கூத்து இருக்கு, அதச் சொன்னா இந்த விஷயம் இன்னும் புரியும். நான் பாத்த ஒரு பேஷண்ட், லித்தியம் லெவல் 4க்கு மேல, கிட்னி வேலை குறைஞ்சிருந்துச்சு, ரெண்டு கையும் தட்டான் றெக்கை மாதிரி நடுங்கிக்கிட்டு இருக்கும், பேரு கேட்டா பாதி சொல்லி நிறுத்திடுவாரு. ஆறு மணி நேர டயாலிசிஸ், முடிஞ்சதும் லெவல் 1ஐ ஒட்டி வந்துச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்த சில மணி நேரத்துல மறுபடி எடுத்தா 2 கிட்ட நிக்குது. வார்டுல இருந்த ஜூனியர் பையன், யாரோ மறுபடி மாத்திரை குடுத்துட்டாங்களோன்னு பேஷண்டோட பைய எல்லாம் தேட ஆரம்பிச்சுட்டான். யாரும் குடுக்கல. செல்லுக்குள்ள ஒளிஞ்சிருந்த லித்தியம், ரத்தத்துல இடம் காலியானதும் மெதுவா வெளிய வந்திருக்கு. ரீபவுண்டுன்னு சொல்லுவோம். அதனாலதான் லித்தியத்துக்கு டயாலிசிஸ் முடிஞ்ச பிறகும் 12 மணி நேரம் வரைக்கும் திரும்பத் திரும்ப லெவல் பாக்கணும், ஏறினா இன்னொரு ரவுண்டு போடணும். டயாலிசிஸுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கிற மருந்துலயே இந்தப் பாடு, அப்ப 900 லிட்டர் கதைய நினைச்சுப் பாருங்க.

இது அந்த ஆஸ்பத்திரி டாக்டரோட சொந்தக் கருத்தும் இல்ல. எக்ஸ்ட்ரிப்னு ஒரு சர்வதேசக் குழு இருக்கு, விஷ மருத்துவம், கிட்னி, ஐசியூன்னு பல துறை டாக்டருங்க சேந்து ஒவ்வொரு மருந்தா எடுத்து, இதுவரைக்கும் உலகத்துல வெளிவந்த எல்லா கேஸையும் படிச்சு, இதுக்கு ரத்தத்த வெளிய எடுத்து சுத்தம் பண்றது வேணுமா வேணாமான்னு எழுதி வெச்சிருக்காங்க. அமிட்ரிப்டிலின் வகைக்கு 2014லயே தெளிவா வேணாம்னு சொல்லிட்டாங்க. லித்தியத்துக்கு 2015ல, கிட்னி கெட்டுப்போய் லெவல் லிட்டருக்கு 4 மில்லிஈக்விவலன்ட்டுக்கு மேல இருந்தா போடு, நினைவு தப்பினாலோ வலிப்பு வந்தாலோ உயிருக்கு ஆபத்தான மாதிரி இதயத் துடிப்பு தாறுமாறானாலோ லெவல் என்னவா இருந்தாலும் போடுன்னு சொன்னாங்க. ஆக ரெண்டு பெட்டுக்கும் ஒரே புத்தகத்தப் பாத்துதான் முடிவு பண்ணியிருக்காங்க.

பெரிய ஆஸ்பத்திரியா இருந்தா பிளாஸ்மா மாத்தியிருப்பாங்களோ, கரி ஃபில்டர் போட்டிருப்பாங்களோன்னு உங்களுக்குத் தோணலாம், ஏன்னா நெட்ல தேடினா முதல்ல வர்றது அதுதான். அதையும் பாத்துடுவோம். கரி ஃபில்டர்ங்கிறது ஹீமோபெர்ஃப்யூஷன், ரத்தத்த நேரா கரித்தூள் அடைச்ச டப்பாக்குள்ள விடறது, புரதத்தோட ஒட்டுன மருந்தையும் கரி கொஞ்சம் பிடுங்கிக்கும். 1960கள் நடுவுல கிரீஸ்ல யாட்ஸிடிஸ்னு ஒரு டாக்டர் தூக்க மருந்து விஷத்துக்கு இத மனுஷங்ககிட்ட பண்ணிக் காட்டினார், அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் இதுக்கு நல்ல மவுசு. ஆனா கரி சில மணி நேரத்துல நிறைஞ்சு போயிடும், டப்பாவ மாத்தணும், மருந்தோட சேத்து ரத்தத் தட்டணுவையும் பிடுங்கிடும், கால்சியம் குறையும், சர்க்கரை குறையும். இப்ப வர்ற டயாலிசிஸ் ஃபில்டருங்க முன்ன விட ரொம்ப நல்லா வடிகட்டுறதால கரி டப்பாவோட தேவை குறைஞ்சுருச்சு, நிறைய இடத்துல ஸ்டாக்கே வெக்கிறதில்ல.

பிளாஸ்மா மாத்தறது இன்னும் சுவாரசியம். ரத்தத்தோட நீர்ப்பகுதிய அப்படியே எடுத்துட்டு ஆல்புமின்ங்கிற ரத்தப் புரதமோ இன்னொருத்தர் பிளாஸ்மாவோ ஏத்தறது, புரதத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கிற மருந்து புரதத்தோடயே வெளிய போயிடும், கேக்கவே நல்லா இருக்கு. கணக்கு போடுவோம். ஒரு தடவை முழு பிளாஸ்மா அளவுக்கு மாத்தினா, அந்த பிளாஸ்மாக்குள்ள இருந்ததுல 63 சதவீதம் கிட்ட போகும், புதுசா ஏத்தறதும் பழையதோட கலந்துக்கிட்டே இருக்கிறதால முழுசாப் போகாது. பிளாஸ்மாக்குள்ள இருந்ததே 300ல ஒரு பங்கு. அதுல 63 சதவீதம்னா மொத்த மருந்துல 500ல ஒரு பங்கு வாக்குல வெளிய வருது. மாத்திக்கிட்டு இருக்கும்போதே உடம்புல இருந்து கொஞ்சம் ரத்தத்துக்குக் கசியும், அதையும் சேத்துக்கிட்டாலும் பெருசா ஒண்ணும் மாறாது. உங்க தம்பியோட ஈரல் சத்தமே இல்லாம அத விட அதிகமாப் பண்ணியிருக்கும், அதுக்கு கழுத்துல குழாயும் வேணாம்.

குழாய்னு சொன்னதும் ஞாபகம் வருது. டயாலிசிஸ்னா சும்மா பக்கத்துல ஒரு மெஷின கொண்டு வந்து வெக்கிறது இல்ல மா. தடிமனான குழாய பெரிய ரத்தக்குழாய்க்குள்ள போடணும், ரத்தம் உறையாம இருக்க மருந்து குடுக்கணும், ரத்தம் மெஷின் வழியா சுத்தும்போது பிரஷர் இறங்கும். அமிட்ரிப்டிலின் விஷத்துல ஏற்கனவே பிரஷர் கீழ கிடக்கும், இதயம் தள்ளாடிக்கிட்டு இருக்கும், அந்த நேரத்துல பலன் இல்லாத ஒண்ணுக்காக இந்தச் சுமைய ஏத்தினா ஆளு மெஷின்லயே போயிடலாம். இன்னொண்ணு, மெஷினுக்கு நல்லது கெட்டது தெரியாது, விஷத்த எடுக்கிற மாதிரியே நாம குடுக்கிற ஆன்டிபயாடிக்கையும் மாத்து மருந்தையும் எடுத்துடும், பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் இழுத்துக்கிட்டுப் போயிடும், கிட்னி நல்லா இருக்கிற ஆளுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

சரி, இப்ப நீங்க கோவப்பட்ட சோடா உப்பு. கடிதத்துல அந்த வார்த்தைய நீங்க எழுதின விதத்துலயே தெரிஞ்சுது, வயித்து உப்புசத்துக்குக் குடுக்கிற சாமானத்த என் தம்பி உயிருக்குக் குடுக்கிறாங்களேன்னு. மா, உங்க தம்பிய காப்பாத்தினதே அதுதான்னு சொல்லுவேன், அதுவும் வென்டிலேட்டரும்.

அமிட்ரிப்டிலின் அதிகமானா ஆளக் கொல்றது எப்படின்னா, இதயத் தசைக்குள்ள சோடியம் போற வாசல அடைச்சிடும். இதயத்தோட மின்சாரம் அந்த சோடியத்தாலதான் ஓடுது. வாசல் அடைபட்டா மின்சாரம் மெதுவாப் பரவும், ஈசிஜில கியூஆர்எஸ்னு ஒரு கூரான கோடு இருக்கு, அது அகலமாகும். ஈசிஜி பேப்பர்ல ஒரு சின்னக் கட்டம்னா 40 மில்லிசெகண்ட். கியூஆர்எஸ் சாதாரணமா ரெண்டரைக் கட்டத்துக்குள்ள இருக்கணும். அதத் தாண்டினா, அதாவது 100 மில்லிசெகண்டுக்கு மேல போனா, வலிப்பு வர வாய்ப்பு. நாலு கட்டம், 160 மில்லிசெகண்டத் தொட்டுச்சுன்னா இதயத் துடிப்பு எந்த நேரமும் தாறுமாறாகலாம். சோடா உப்பு, அதாவது சோடியம் பைகார்பனேட், ஏத்தினா ரெண்டு வேலை நடக்குது, சோடியம் கூடறதால அடைபட்ட வாசல்ல நெருக்கியடிச்சுக்கிட்டு உள்ள போகுது, ரத்தத்தோட அமிலத்தன்மை குறையறதால மருந்தோட பிடியும் தளருது. ரத்தம் எவ்வளவு அமிலமா இருக்குன்னு காட்டுற பிஹெச்ச 7.45ல இருந்து 7.55க்குள்ள வெச்சிருக்கப் பாப்போம். இது கண்ணு முன்னாடி நடக்கும் மா, ஊசி உள்ள போகப் போக மானிட்டர்ல அந்த அகலக் கோடு ஒடுங்கிக்கிட்டே வரும், எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு அது அலுக்காது. மருந்து உடம்பவிட்டு ஒரு சொட்டு கூட வெளிய போகல, ஆனா அது பண்ற அட்டூழியம் நின்னுச்சு. ரத்தத்துல இருந்து மருந்த எடுக்கிறது ஒரு வழி, மருந்து பண்ற வேலைய முறியடிச்சுட்டு ஈரல் அத முடிக்கிற வரைக்கும் ஆளத் தாங்கிப் பிடிக்கிறது இன்னொரு வழி. தம்பிக்கு ரெண்டாவது.

ரெண்டாவது வழிய சாதாரணமா நினைக்காதீங்க. 1940கள் கடைசில டென்மார்க்ல கோபன்ஹேகன்ல தூக்க மருந்து விஷத்துல தினமும் ஆளுங்க வந்துக்கிட்டு இருந்தாங்க, அப்ப வழக்கம் என்னன்னா அவங்கள எழுப்ப ஊக்க மருந்த ஏத்தறது. அங்க இருந்த டாக்டருங்க அத நிறுத்திட்டு, மூச்சுக்குழாய திறந்து வெச்சு, மூச்ச, பிரஷர பாத்துக்கிட்டு, பொறுமையா காத்திருந்தாங்க. அவ்வளவுதான் பண்ணாங்க. இறப்பு பல மடங்கு குறைஞ்சது. இன்னிக்கும் அதிக மாத்திரை விஷத்துல வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க பொழைக்கிறது இந்த வழிலதான், மெஷினால இல்ல.

மெஷின் வேண்டிய இடம் இருக்கு, அங்க லேட் பண்ணா நான் முதல் ஆளா சண்டை போடுவேன். மெத்தனால் குடிச்சவங்களுக்கு மெத்தனால் மட்டும் பிரச்சினை இல்ல, ஈரல் அத ஃபார்மிக் ஆசிடா மாத்தும், அதுதான் கண்ண பறிக்கும். ஃபோமெபிசோலோ எத்தனாலோ குடுத்து அந்த மாத்தத்த நிறுத்தலாம், ஆனா ஏற்கனவே உருவான ஆசிடையும் மிச்ச மெத்தனாலையும் சீக்கிரம் வெளிய எடுக்க டயாலிசிஸ் மாதிரி ஒண்ணு கிடையாது. ஆஸ்பிரின் வகையும் அப்படித்தான், அளவு ரொம்ப ஏறி நினைவு குழம்பினா நேரா மெஷின். சர்க்கரைக்குக் குடுக்கிற மெட்ஃபார்மின்ல ரத்தம் அமிலமாகி லாக்டேட்ங்கிற அமிலக் கழிவோட அளவு 20ஐத் தாண்டினா, இல்ல பிஹெச் 7.0க்கு இறங்கினா போடணும். வலிப்புக்குக் குடுக்கிற வால்ப்ரோயேட்ல ஒரு வேடிக்கை, சாதாரண டோஸ்ல 90 சதவீதம் புரதத்தோட ஒட்டியிருக்கும், டயாலிசிஸுக்கு சிக்காது, ஆனா ரொம்ப அதிகமானா புரதத்துல இடம் தீந்து போய் மிச்சமெல்லாம் சும்மா மிதக்க ஆரம்பிச்சுடும், அப்ப சிக்கிடும். பாராசிட்டமாலுக்கு என்-அசிடைல்சிஸ்டீன்னு அருமையான மாத்து மருந்து இருக்கு, 8 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா ஈரல் கிட்டத்தட்ட முழுசா தப்பிச்சுடும், மெஷின் ரொம்ப அரிதாத்தான். இந்த இடத்துல ஒரு எச்சரிக்கை: பாராசிட்டமால்ல முதல் நாள் ஆளு நல்லாவே தெரியலாம், சிலருக்கு வாந்தி கூட இருக்காது, அதப் பாத்து வீட்டுல வெச்சுக்கிட்டு மூணாவது நாள் கூட்டிட்டு வர்றவங்கள நினைச்சா எனக்கு வயிறு எரியும். எந்த மாத்திரையா இருந்தாலும் அதிகமாப் போட்டாங்கன்னா அப்பவே ஆஸ்பத்திரி, அறிகுறிக்குக் காத்திருக்கக் கூடாது, காலி அட்டையையும் கையோட எடுத்துக்கிட்டுப் போகணும்.

பிரஷருக்குக் குடுக்கிற அம்லோடிபின், இதயத்துக்குக் குடுக்கிற டிஜாக்ஸின், குளோனசெபாம் மாதிரி தூக்க மாத்திரை வகை, இதெல்லாம் தம்பி கேஸ் மாதிரிதான், டயாலிசிஸால பிரயோஜனம் இல்ல.

மெஷின்லயும் எது போடறாங்கங்கறது முக்கியம். ஐசியூல 24 மணி நேரமும் மெதுவா ஓடுற சிஆர்ஆர்டின்னு ஒண்ணு இருக்கும், பாக்கப் பெருசா, திரையெல்லாம் வெச்சு, குடும்பத்துக்கு அதப் பாத்தா நம்பிக்கை வரும். ஆனா 70 கிலோ ஆளுக்கு அது நிமிஷத்துக்கு 30 மில்லி வாக்குலதான் சுத்தம் பண்ணும். சாதாரண நாலு மணி நேர டயாலிசிஸ், சின்ன மூலக்கூறா இருந்தா நிமிஷத்துக்கு 150, 200னு அடிச்சுத் தள்ளும். விஷத்துல வேகம்தான் முக்கியம், அதனால பழைய மெஷினே மேல். பிரஷர் தாங்கலைன்னாதான், இல்ல வேகமான மெஷின் கிடைக்கலைன்னாதான் மெதுவான மெஷின். வயித்துக்குள்ள திரவம் விட்டுப் பண்ற டயாலிசிஸ் அத விட மெதுவு, வேற வழியே இல்லைன்னா பாத்துக்கலாம்.

தூக்க மாத்திரைக்கு மாத்து மருந்து கேட்டீங்க. ஆமா, ஃப்ளுமசெனில்னு இருக்கு, குடுத்தா தூங்கறவங்க எந்திரிச்சு உக்காருவாங்க. ஆனா தம்பி அமிட்ரிப்டிலினும் சேத்துப் போட்டிருக்கான், அது வலிப்பத் தூண்டற மருந்து. அவன் உடம்புல அந்த நேரத்துல வலிப்ப அடக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்ததே அந்த குளோனசெபாம்தான். ஃப்ளுமசெனில் குடுத்து அதக் கழட்டி விட்டா வலிப்பு வரும், வலிப்புல ரத்தம் அமிலமாகும், அமிலமானா இதயத்துல மருந்தோட பிடி இறுகும், ஒண்ணு பின்னால ஒண்ணா சரியும். குடுக்காம விட்டவர் விஷயம் தெரிஞ்சவர். அவரப் பாத்தா ஒரு நன்றி சொல்லுங்க.

இப்ப ரத்த சுத்திகரிப்பு. வேண்டாம் மா, எந்தப் பேருல வந்தாலும் வேண்டாம். அமிட்ரிப்டிலின் அளவு உடம்புல பாதியாக சாதாரணமா ஒரு நாள் வாக்குல ஆகும், அதுல இருந்து உருவாகிற நார்ட்ரிப்டிலினுக்கு இன்னும் கொஞ்சம் கூட, அதிகமாப் போட்டிருந்தா இன்னும் இழுக்கும். அப்படி இழுத்தாலும் மூணு வாரம் ஆச்சு, ஈரல் எல்லாத்தையும் உடைச்சு கிட்னி வழியா அனுப்பி முடிச்சிருக்கும். சுத்தம் பண்ண அங்க ஒண்ணும் இல்ல. கஷாயம், டிரிப், குடல் கழுவறதுன்னு யாராவது ஆரம்பிச்சா ஈரலுக்குப் புதுசா ஒரு வேலைதான் சேரும்.

தம்பிகிட்ட பேசறதப் பத்தி. பேசுங்க. கேட்டா ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிடுமோ, புதுசா எண்ணத்த விதைச்ச மாதிரி ஆயிடுமோன்னு எல்லா வீட்டுலயும் பயப்படறாங்க, நேரா கேக்கறதால அந்த எண்ணம் வர்றதில்ல. "ஏன்டா எங்களுக்கு இப்படி பண்ண"ன்னு ஆரம்பிக்காதீங்க, அது விசாரணை. "சாகணும்னு நினைப்பு இப்பவும் வருதா, வந்தா எங்கிட்ட சொல்லுவியா"ன்னு அந்த வார்த்தையிலேயே கேளுங்க, கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு உக்காந்திருங்க, பதில் வர்றதுக்கு நேரமாகும். வருதுன்னு சொன்னா தனியா விடாம அன்னிக்கே மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஆஸ்பத்திரில இருந்து வந்த முதல் சில வாரம், சில மாசம்தான் ஆபத்து அதிகமான காலம், அதனால ஐசியூ டாக்டர் ரிவ்யூவ விட்டாலும் மனநல டாக்டர் ரிவ்யூவ விடாதீங்க. மாத்திரை அவன் கையில இருக்க வேண்டாம், நீங்க பூட்டி வெச்சு வேளாவேளைக்கு எடுத்துக் குடுங்க, வீட்டுல பெரியவங்களோட பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரையையும் சேத்துப் பூட்டுங்க, அதத்தான் எல்லாரும் மறந்துடறாங்க. மறுபடி மருந்து எழுதும்போது அமிட்ரிப்டிலினுக்கு பதிலா அதிகமானாலும் ஆபத்து குறைஞ்ச வகை இருக்கான்னும், ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கிக்கலாமான்னும் டாக்டர்கிட்ட கேளுங்க. அவனாவே எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.

கை வலி சின்ன விஷயம்தான். நரம்புன்னு நீங்க சொல்றது ரத்தக்குழாய், டிரிப் ஊசி நாள் கணக்குல இருந்ததாலயும், பைகார்பனேட் கொஞ்சம் காட்டமான சாமான்ங்கிறதாலயும் குழாயோட உள்சுவர் புண்ணாகி உறைஞ்சு கெட்டியாகி இருக்கும். வெதுவெதுப்பான துணியால ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை ஒத்தடம் குடுங்க, கைய தலகாணி மேல வெச்சுப் படுக்கச் சொல்லுங்க. வலி சீக்கிரம் அடங்கும், அந்தக் கயிறு கரைய சில வாரம் ஆகலாம், அழுத்தித் தேய்ச்சு விடாதீங்க. சிவப்பு பரவினா, காய்ச்சல் வந்தா, சீழ் தெரிஞ்சா, இல்ல கை முழுக்க வீங்கினா அன்னிக்கே காட்டிடுங்க. அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் போறப்ப மட்டும் இன்னொரு கைய நீட்டச் சொல்லுங்க.